ஆடிக் காற்றும் உறை போட்ட வீடும்

புதிதாக வாங்கிய பொருளின் மேலிருக்கும் பிளாஸ்டிக் தாளை வாங்கிய அன்றே உரித்துப் போடுகிறவர்களை எனக்குப் புரிந்ததே இல்லை. பொருள் என்பது கெட்டுப்போவதற்கென்றே பிறந்தது, உறைதான் அதைக் கொஞ்ச நாள் நம்மிடம் தக்கவைக்கிறது என்பது அப்போது என் கட்சி. எங்கள் வீட்டு டிவி ரிமோட்டுக்கு உறை இருந்தது. அந்த உறை அழுக்காகாமல் இருக்க இன்னோர் உறை இருந்தது. (எந்தப் பொத்தானை அமுக்கினாலும் கேட்ட சேனல் வராது. ஆனால் ரிமோட் புத்தம் புதுசு.) சோபா வந்த நாளிலிருந்து தன் பிளாஸ்டிக்கோடுதான் வாழ்ந்தது. சித்திரை வெயிலில் அதில் உட்கார்ந்து எழுந்திருக்கும் விருந்தாளியின் முதுகிலிருந்து, பிளாஸ்திரி பிய்க்கிற மாதிரி ஒரு சத்தம் வரும்.

"இந்த வீட்டையும் ஒரு கவருக்குள்ள போட்டு மூடிருங்க. பெறகு தூசி பத்தி உங்களுக்குக் கவலையே இருக்காது" என்பாள் என் மனைவி சரோஜா.

அவள் கிண்டலுக்குச் சொன்னாள். நான் ஒரு நாள் அதை அப்படியே செய்தேன்.

அருப்புக்கோட்டையில் ஒரு நூற்பாலையில் நான் ஸ்டோர் கீப்பர். நூல் பெட்டிகளை அடுக்கி, மேலே பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, சூடான காற்றடிக்கும் கூண்டுக்குள் தள்ளுவார்கள். மறுபக்கம் வரும்போது தாள் சுருங்கி, பெட்டிகளின் மேல் தோல் மாதிரி இறுகியிருக்கும். ஒரு சுருக்கம் இருக்காது, ஒரு தூசி நுழையாது. வேலை முடிந்த பிறகும் ஐந்து நிமிஷம் நின்று அதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். சிலர் மாலையில் கோயிலுக்குப் போவார்கள் இல்லையா, அந்த மாதிரி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஒரே மகள் தேன்மொழிக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டுக்கு வருகிறவர்கள் காபி குடிப்பார்கள், பஜ்ஜி கடிப்பார்கள். அதெல்லாம் கணக்கில் சேராது. இலை போட்டு, கை கழுவி உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து சாப்பிட்டால்தான் சம்மதம். அதற்குக் கை நனைப்பது என்று பெயர். சம்மதமில்லாதவர்கள் எவ்வளவு பசி இருந்தாலும் "வயிறு சரியில்ல" என்று சொல்லிக் கிளம்பிவிடுவார்கள். முதலில் வந்த ஒரு குடும்பம் வாசலில் நின்று எங்கள் மாடிச் சுவரை அண்ணாந்து பார்த்தது. "வெள்ளையடிச்சு ரொம்ப நாளாச்சோ?" என்றார் அந்தப் பையனின் தாய்மாமன். அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் வயிறு சரியில்லாமல் போய்விட்டது. தேன்மொழி காலையிலிருந்து நின்று சமைத்ததை அன்று நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தின்று தீர்த்தோம்.

அடுத்து வந்தது மல்லாங்கிணறு சம்பந்தம். பையனின் அப்பா சண்முகம் அங்கே உரக்கடை வைத்திருப்பவர், கலகலப்பான மனுஷன். பையன் கோயம்புத்தூரில் வேலையில் இருந்தான். ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் பையனும் பெண்ணும் பார்த்துக்கொண்டார்கள், பேசிக்கொண்டார்கள், பிடித்துவிட்டது. "அவுக எப்பப்பா நம்ம வீட்டுக்கு வாராக?" என்று தேன்மொழியே வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தக் கேள்வியிலேயே எனக்குப் பாதி தூக்கம் போயிற்று.

மீதித் தூக்கத்தைக் கெடுத்தவர் பையனின் அம்மா பாக்கியம். அதிகம் பேசமாட்டார். பேசினால் என்னை 'சார்' என்பார். சம்பந்தம் செய்யப்போகிற பெண்மணி 'அண்ணே' என்று கூப்பிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. 'சார்' என்றால் அவர் இன்னும் பஸ்ஸை விட்டே இறங்கவில்லை என்று அர்த்தம்.

"ஆடி கழியட்டும் சார். ஆவணி பொறந்ததும் வந்து வீட்டப் பாக்குறோம். முடிவ அப்பச் சொல்றோம்" என்று சொல்லிவிட்டார்.

ஆவணி முதல் முகூர்த்தத்துக்குள் வீடு பளபளவென்று நிற்க வேண்டும். அப்படியானால் ஆடியில் பெயிண்ட் அடித்தாக வேண்டும். எங்கள் ஊரில் ஆடியில் பெயிண்ட் அடிப்பதும், அடுப்புச் சாம்பலுக்குப் பக்கத்தில் அப்பளம் காயப்போடுவதும் ஒன்று. எங்கள் தெருவுக்குப் பின்னால் திருச்சுழி வரைக்கும் தடுக்க ஒரு மரம் கிடையாது, எல்லாம் மானாவாரிக் காடு. உழுது போட்ட மண் மொத்தமும் ஆடிக் காற்றில் எழுந்து ஊருக்குள் வந்துவிடும். பெயிண்டர் மாரி சவுக்குக் கம்பில் சாரம் கட்டி, அதன் நெற்றியில் கொட்டை விழியும் நீட்டிய நாக்குமாக ஒரு திருஷ்டி பொம்மையைக் கட்டி, முதல் கோட்டு அடித்து முடித்தார். அன்று சாயங்காலம் சுவரைத் தடவிப் பார்த்தேன். தீக்குச்சி உரசினால் பற்றிக்கொள்ளும்போல் இருந்தது.

"அம்மியவே நகட்டுற காத்து சார் இது. தூசிய மட்டும் கொண்டாராம வருமா?" என்றார் மாரி. "ஆவணில வச்சுக்குவோம்."

"ஆவணியில அவுக வந்துருவாகப்பா!"

இந்த இடத்தில்தான் ஜமால் பாய் வருகிறார். வீரசோழன்காரர், என் நெடுநாள் சினேகிதர். துபாயில் கட்டடச் சாரம் போடும் ஒரு கம்பெனியில் பல வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். சொரசொரத்த சுவரைப் பார்த்துச் சிரித்தார்.

"அண்ணாச்சி, அங்கெல்லாம் பாலைவனத்துக் காத்து. இந்தக் காத்துக்கு அது பெரியத்தா மகன். ஆனா ஒரு பொட்டுத் தூசி பெயிண்டுல விழாது. ஏன்? சாரத்தச் சுத்தி வெள்ளையா ஒரு ஷீட்ட இழுத்துக் கட்டிச் சூடு காட்டுவாங்கெ. அப்படியே சுருங்கிப் பிடிச்சுக்கிரும். பத்து மாடிக் கட்டடம், சோப்பு டப்பா மாதிரி நிக்கும். உள்ள பாட்டுக்கு வேல நடக்கும்."

நான் கண்ணை மூடினேன். என் ஆலையில் நூல் பெட்டிகள் கூண்டைவிட்டு வெளியே வரும் காட்சி தெரிந்தது. அந்தப் பெட்டிகளின் இடத்தில் என் வீடு.

"பாய், உங்களுக்கு அந்த வேலை தெரியுமா?"

"தெரியுமாவா? தெனம் பாத்த வேல அண்ணாச்சி!"

(அவர் சொன்னதில் பொய்யே இல்லை. அதை நான் பின்னால் புரிந்துகொண்டேன்.)

தூத்துக்குடியில் துறைமுகத்துக்கு வரும் இயந்திரங்களை மூட வைத்திருந்த ஷீட்டில் ஒரு சுருளைப் பாய் எப்படியோ பேசி வாங்கிவந்தார். தார் உருக்குகிறவர்களிடமிருந்து கேஸ் சிலிண்டரில் மாட்டும் நெருப்புக் குழல் ஒன்று வந்தது. முன் அறைச் சாமான்களை எல்லாம் தூசி படாமல் பின்கட்டில் கூரை தொட அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் உறை போட்டேன். பின்வாசல் அடைந்துபோனதை சரோஜா சுட்டிக்காட்டினாள். "பின்வாசல் நமக்கு எதுக்கு? அதான் முன்வாசல் இருக்கே" என்றேன்.

முன்வாசலுக்குத்தான் ஒரு சிக்கல் வந்தது. வீட்டின் முகம் முழுவதும் மூடிவிட்டால் ஆள் எப்படிப் போய்வருவது? "அங்க ஜிப்பு வச்ச கதவு இருக்கும்" என்றார் பாய். உடனே வீரசோழனுக்குப் போய், துபாயிலிருந்து தான் கொண்டுவந்த மாபெரும் சூட்கேஸை எடுத்துவந்து, அதன் ஜிப்பை அறுத்து, ஷீட்டில் பசை நாடா போட்டு ஒட்டினார். குனிந்து நுழைந்தால் ஒரு ஆள் போகலாம். இவ்வளவு அறிவோடு இருக்கிறோமே என்று எங்கள் இருவருக்கும் நெஞ்சு விரிந்தது.

திருஷ்டி பொம்மையை மட்டும் கழற்றிவிடலாமா என்று கேட்டேன். மாரி மறுத்துவிட்டார். "வேல முடியாம அத அவுத்தா எனக்கு ஆகாது சார்." சரி, அதுவும் உள்ளேயே இருக்கட்டும் என்று அதன் மேலேயே ஷீட்டை இழுத்தோம்.

பாய் நெருப்பைக் காட்டினார். ஓரிரண்டு ஓட்டை விழுந்து, நாடா ஒட்டியது போக, ஷீட் அருமையாகச் சுருங்கியது. ஒரு சுருக்கம் இல்லை. சாரத்தின் கம்புகள் எல்லாம் விலா எலும்பு மாதிரி தெரிந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, வெள்ளைத் தோலை முட்டிக்கொண்டு, கொட்டை விழியும் மீசையும் நீட்டிய நாக்குமாக அந்தப் பொம்மையின் முகம் புடைத்து வந்து தெருவைப் பார்த்து முறைத்தது. எதிர்வீட்டு அக்கா கோலம் போட வந்தவள் அப்படியே உள்ளே திரும்பிப் போனாள். அடுத்த நாள் அவள் வாசலில் கோலமே இல்லை.

எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. உள்ளே போய் நின்றேன். முட்டைக்குள் நிற்கிற மாதிரி பால்வெளிச்சம். ஒரு தூசி இல்லை, வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமான இடத்தில் நான் நின்றதில்லை. வெக்கை மட்டும் இட்லிக் கொப்பரைக்குள் இருக்கிற மாதிரி இருந்தது. மாரி பனியனைக் கழற்றிவிட்டு இரண்டாவது கோட்டை அடித்தார். அடித்த பெயிண்ட் காயாமல் வேர்த்தது. "காயும், காயும்" என்றேன்.

அது ஆடி வெள்ளிக்கிழமை. லுங்கியும், வேர்வையில் உடம்போடு ஒட்டிய பனியனுமாக, பெயிண்ட் சொட்டாமல் இருக்கத் தலையில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, ஈரச் சுவருக்கு ஒரு மேசை மின்விசிறியைக் காட்டிக்கொண்டிருந்தேன். மாரி டீ குடிக்கத் தெருமுனைக்குப் போயிருந்தார். வெளியே ஒரு கார் நின்றது.

"வீட்டக் காணோமே?" என்றது ஆண் குரல்.

"அந்தா, பூதம் முழிக்குதே. அதுக்குப் பின்னால இருக்கும்போல" என்றது பெண் குரல். அந்தக் குரல் எனக்குத் தெரியும்.

சண்முகமும் பாக்கியமும். பரளச்சிப் பக்கம் இருக்கும் குலதெய்வத்துக்கு ஆடி வெள்ளி பொங்கல் வைத்துவிட்டு ஊர் திரும்புகிற வழி. ஆடியில் சம்பந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது, காரில் இருந்தபடியே வீட்டை ஒரு பார்வை பார்த்துப் போகலாம் என்றுதான் தெருவுக்குள் திரும்பினார்களாம். பார்ப்பதற்கு அங்கே வீடு இருந்தால்தானே?

ஜிப் திறந்தது. முதலில் பாக்கியத்தின் தலை வந்தது, பிறகு பட்டுப் புடவையை ஒரு கையில் தூக்கிப் பிடித்தபடி மற்ற உடம்பு. பின்னால் சண்முகம், அவருக்குப் பின்னால், "உள்ள வந்து பாருங்க" என்று வழிகாட்டுகிற மிடுக்கோடு ஜமால் பாய். நான் தலையில் பிளாஸ்டிக் பையோடு கை கூப்பினேன்.

"வாங்க, வாங்க."

"என்ன சார் இது?" என்றார் பாக்கியம்.

"தூசிக்காக…" என்று தொடங்கினேன். அதற்கு மேல் சொல்ல ஆடிக் காற்று விடவில்லை.

அதுவரை வந்ததெல்லாம் காற்றே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. தெற்கேயிருந்து வந்து மோதிய வேகத்தில் ஷீட் முழுவதும் உள்ளே குழிந்து, அடுத்த கணம் 'டப்' என்று வெளியே உப்பியது. திரும்பக் குழிந்தது, திரும்ப உப்பியது. ஒரு யானையின் நுரையீரலுக்குள் நாங்கள் ஐந்து பேரும் நின்ற மாதிரி இருந்தது. (சரோஜா சத்தம் கேட்டு ஓடி வந்துவிட்டாள்.) சவுக்குக் கம்புகள் முனகின. கயிற்று முடிச்சுகள் ஒவ்வொன்றாய் நெறுநெறுத்தன. தூசியைத் தடுக்க நான் ஒரு இண்டு இடுக்கு விடாமல் மூடியிருந்தேன் இல்லையா, காற்றுக்கும் போக இடமில்லை. மாடி உயரத்துக்கு ஒரு பாய்மரத்தை விரித்து, அதை என் வீட்டு முகத்தில் கட்டி வைத்திருந்தேன்.

சண்முகம் சட்டென்று பின்வாங்கிச் சுவரில் சாய்ந்தார். பாக்கியம் விழாமல் இருக்க உள்ளங்கையைச் சுவரில் ஊன்றினார். இரண்டாவது கோட்டு அப்போதும் காயவில்லை.

"வெளிய போயிருவோம்!" என்று பாய் ஜிப்பை இழுத்தார். ஷீட் விறைத்த விறைப்பில் ஜிப் வளைந்து கடித்துக்கொண்டது. "பின்வாசல்?" என்றார் சண்முகம். நானும் சரோஜாவும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. முப்பது வருஷத்தில் அவள் ஒன்றும் சொல்லாமல் விட்டது அந்த ஒரு தடவைதான்.

வெளியே ஓடிவந்த மாரியின் குரல் கேட்டது. "சார்! கிழிங்க சார்! சாரம் காலத் தூக்குது! கெளம்புனா ரோட்டுல போறவன் மேல விழும்!"

"பாய், துபாயில இப்படிக் காத்து வந்தா என்ன செய்வாங்க?"

"தெரியலையே அண்ணாச்சி."

"தெரியலையா? தெனம் பாத்த வேலைன்னீங்க!"

"பாத்தேன். வண்டிக்குள்ள இருந்து. நான் அங்க டிரைவரு அண்ணாச்சி. ஆள இறக்கி விட்டுட்டு, சாயங்காலம் ஏத்த வருவேன். வரயில கட்டடம் மூடியிருக்கும்."

அவர் பார்த்தது வண்டிக் கண்ணாடி வழியாக. நான் பார்த்தது ஆலைக் கூண்டுக்கு வெளியே நின்று. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வீட்டைப் பொட்டலம் கட்டியிருக்கிறோம்.

"கிழிங்கன்னா!" என்று மாரி மறுபடி கத்தினார். நான் ஷீட்டைப் பார்த்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த நேரத்திலும் என் மனசு கேட்கவில்லை. இவ்வளவு சுருக்கமில்லாத ஒரு உறையை எப்படிக் கிழிப்பது? "அடியில ஒரு கயிறு போட்டு இறுக்கிப் பாத்தா…" என்று தொடங்கினேன்.

"தள்ளுங்கப்பா."

தேன்மொழி. கொண்டையை அள்ளி முடிந்து, கையில் தேங்காய் உடைக்கும் அரிவாளோடு நின்றாள். வருங்கால மாமியார் முன்னால் ஒரு பெண் எப்படி வந்து நிற்க வேண்டும் என்று சரோஜா மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்திருந்தாள். அந்தப் பாடத்தில் அரிவாள் இல்லை.

எட்டிய உயரத்தில் ஒரே குத்து, அங்கிருந்து தரை வரைக்கும் ஒரு இழுப்பு. பக்கத்தில் இன்னொன்று. சாரத்தில் ஒரு படி ஏறி, மேலே ஒன்று. காற்று பெருமூச்சு விட்டுக்கொண்டு உள்ளே வந்து பக்கத்துக் கிழிசல் வழியாக வெளியே போனது. டப் டப் சத்தம் நின்றது. தூக்கிய கால்களைச் சாரம் மெல்லக் கீழே வைத்தது. ஷீட் நார் நாராகப் பிரிந்து படபடத்தது. ஒரு துண்டு மட்டும் திருஷ்டி பொம்மையின் கழுத்தில் சுற்றி, அது மாப்பிள்ளை அங்கவஸ்திரம் போட்ட மாதிரி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பின்னாலேயே தூசியும் வந்தது. நான் தடுத்து வைத்திருந்த தூசி மொத்தமும் எங்கள் எல்லார் மேலும் ஒரு சேர விழுந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கம்பு ஒன்றுகூட விழவில்லை. அப்பாடா என்று நான் விட்ட மூச்சில் இன்னொரு ஷீட் உப்பியிருக்கும்.

ஆனால் கல்யாணம்? தலையில் பிளாஸ்டிக் பையோடு அப்பன், அரிவாளோடு மகள், பூதத்தோடு வீடு. தேன்மொழி அரிவாளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு தலை குனிந்து நின்றாள். அவள் கண் நிறைந்திருந்ததை நான் பார்த்தேன். பாக்கியம் வாசல் திண்டின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அவளுக்குச் சுகரு. நேரத்துக்குச் சாப்பிடணும். கோயில்ல ஒரு வாய்ப் பொங்கலோட சரி" என்றார் சண்முகம். அவர் திரும்பியபோது வெள்ளைச் சட்டையின் முதுகு முழுவதும் எங்கள் வீட்டின் சந்தன நிறம்.

சரோஜா தவித்தாள். ஆடியில் சாப்பிடக் கூப்பிடுவதா? கூப்பிட்டு அவர் மறுத்துவிட்டால்? அதைவிட, பெயிண்ட் வேலையில் அன்று சமையலே ரசமும் பருப்புத் துவையலும்தான். கை நனைக்கிற விருந்துக்கு வடை வேண்டும், பாயசம் வேண்டும். "மதினி, ஒரு சொம்பு மோராவது…" என்று இழுத்தாள்.

"ஏற்கெனவே பெயிண்டுல கைய நனச்சாச்சு. அப்பறம் மோரு என்ன, சோறு என்ன?" என்றார் சண்முகம். பாக்கியம் பார்த்த பார்வையில் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

பாக்கியம் சந்தன நிற உள்ளங்கையைப் பார்த்தார். சுவரில் பதிந்திருந்த தன் கையைப் பார்த்தார். கிழிந்து தொங்கிய ஷீட்டை, பொம்மையை, என் தலையில் இருந்த பையை வரிசையாகப் பார்த்தார். பிறகு தேன்மொழியிடம், "ஏத்தா, அந்த அருவாளக் கீழ வச்சுட்டு எனக்கு இலையப் போடு" என்றார்.

மண்ணெண்ணெய் போட்டுக் கையைத் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவி, சம்மணமிட்டு உட்கார்ந்து பிசைந்தார். இரண்டு வாய் உள்ளே போனதும் முகத்தில் களை வந்தது.

"உண்மையச் சொல்லிருதேன். உங்க வீட்டப் பத்தி விசாரிச்சப்ப, அவரு ரொம்ப அளவுகாரரு, ஒரு குண்டூசி இடம் மாறுனாலும் பொறுக்கமாட்டாருன்னு சொன்னாக. அந்த வீட்டுப் பிள்ள நம்ம வீட்டு அலங்கோலத்துல எப்படி இருக்கும், எம் மகன அது பாடா படுத்தீருமேன்னு எனக்குப் பயம். அதான் ஆடி, ஆவணின்னு தள்ளிக்கிட்டே வந்தேன். இன்னைக்குத்தான் நிம்மதியாச்சு. எங்க வீட்ட விட இது பெரிய கூத்தால்ல இருக்கு!"

சண்முகம் அடக்கி வைத்திருந்த சிரிப்பை அவிழ்த்துவிட்டார். பாக்கியமும் சிரித்தார். சிரித்துக்கொண்டே என் பக்கம் இலையைக் காட்டினார்.

"அண்ணே, கொஞ்சம் ரசம் ஊத்தச் சொல்லுங்க."

அண்ணே. நான் தலையில் இருந்த பையைக் கழற்றினேன். வேர்வை கண்ணுக்குள் வழிந்தது என்று சரோஜாவிடம் சொன்னேன். அன்றைய டைரியில் நான் எழுதியது ஒரே வரி: 'பலத்த காற்று. ரசம் நன்றாக இருந்தது என்றார்கள்.'

கல்யாணம் ஆவணியிலேயே நடந்தது. சுவரைத் தேய்த்து, காற்று அடங்கிய பிறகு மறுபடி பெயிண்ட் அடித்தார் மாரி. பாக்கியத்தின் உள்ளங்கை பதிந்த இடத்தை மட்டும் தேன்மொழி தொட விடவில்லை. நான் அதற்குக் கண்ணாடித்தாளில் ஒரு உறை போடலாமே என்று சொன்னேன். வீட்டில் இரண்டு நாள் யாரும் என்னோடு பேசவில்லை. இப்போது எங்கள் வீட்டில் எதற்கும் உறை கிடையாது. ரிமோட்டில் கேட்ட சேனல் வருகிறது.

போன ஆடியில் மல்லாங்கிணற்றிலிருந்து போன் வந்தது. பாக்கியம்தான்.

"அண்ணே, மாடி எடுத்துட்டோம். அடுத்த வாரம் பெயிண்டு அடிக்கிறாக. ஒங்ககிட்டச் சொல்லாமச் செஞ்சா மரியாத இல்லைல்ல?"

"ரொம்பச் சந்தோஷம்மா. நான் வந்து ஏதாவது…"

"அதுக்குத்தாண்ணே கூப்பிட்டேன். பெயிண்டு காயிற வரைக்கும் நீங்களும் அந்தப் பாயும் இந்தப் பக்கம் வந்துராதீக."